வெப்பத்துக்குக் கணக்கு எழுதிய ஜூல்

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1818 டிசம்பர் 24 அன்று, இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டியுள்ள சால்ஃபோர்டில் பிறந்தார். தந்தை பீர் ஆலை முதலாளி. நோஞ்சான் பிள்ளை என்பதால் படிப்பு வீட்டிலேயே நடந்தது. பிறகு அவருக்கும் அண்ணனுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டன். ஜூல் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்ததில்லை.

ஆலையின் நீராவி எந்திரத்துக்குப் பதிலாக மின்மோட்டாரை வைத்தால் செலவு குறையுமா என்று பார்க்கத்தான் அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். குறையாது என்று தெரிந்தது; அன்றைய பேட்டரியில் கரையும் துத்தநாகத்தைவிட நிலக்கரி மலிவு. ஆனால் அந்த முயற்சி வீண்போகவில்லை. கம்பியில் மின்சாரம் பாயும்போது உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடிக்கும் கம்பியின் மின்தடைக்கும் ஏற்ப அமையும் என்று 1841இல் கண்டார். இஸ்திரிப் பெட்டி சூடாவது இந்த விதிப்படிதான்.

வெப்பம் என்பது 'கலோரிக்' என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்மம், அதை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். ஜூலோ உழைப்பே வெப்பமாக மாறுகிறது என்று கருதினார். அப்படியென்றால், எவ்வளவு உழைப்புக்கு எவ்வளவு வெப்பம் என்று அளந்து காட்ட வேண்டும் அல்லவா?

அதற்கு ஜூல் அமைத்த கருவி எளிமையானது. செம்புப் பாத்திரத்தில் தண்ணீர்; அதற்குள் பித்தளைத் துடுப்புகள். துடுப்புத் தண்டில் சுற்றிய கயிறு கப்பிகளின் வழியே இரண்டு ஈயக் குண்டுகளைத் தாங்கும். ஒவ்வொன்றும் சுமார் 13 கிலோ. குண்டுகள் ஏறத்தாழ 1.6 மீட்டர் இறங்கும்போது துடுப்பு தண்ணீரைக் கடையும். மறுபடி சுற்றி ஏற்றி, மறுபடி இறக்கி, இருபது முறை கடைந்த பிறகும் தண்ணீரின் சூடு அரை டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டித்தான் ஏறியது! பக்கத்தில் ஆள் நின்றாலே தெர்மாமீட்டர் அசையும். பீர் காய்ச்சும் தொழிலில் வெப்பநிலையைக் கூர்ந்து பார்த்துப் பழகிய கண் அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும்.

ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க, 772 பவுண்டு எடை ஓர் அடி இறங்கும் உழைப்பு தேவை என்பது அவர் 1850இல் வெளியிட்ட முடிவு.

உழைப்பு வெப்பமாக மாறும் என்ற கருத்தை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் மேயர் 1842இலேயே எழுதியிருந்தார். யார் முந்தி என்ற சண்டை நெடுநாள் நடந்தது. யோசனையில் மேயர் முந்தி. ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல் அளந்து காட்டியவர் ஜூல்தான். 1843இல் அவர் கார்க் நகரில் கட்டுரை வாசித்தபோது பெரிதாக யாரும் காதுகொடுக்கவில்லை. 1847இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த அறிவியல் கூட்டத்தில்தான் இளம் பேராசிரியர் வில்லியம் தாம்சன், பிற்காலத்தின் கெல்வின் பிரபு, விஷயத்தின் கனத்தை உணர்ந்தார். பின்னர் இருவரும் சேர்ந்து, அழுத்தத்தில் உள்ள வாயு நுண்துளைகள் வழியே விரியும்போது பொதுவாகக் குளிர்கிறது என்று காட்டினார்கள். காற்றைத் திரவமாக்கும் தொழில் பிறகு இதை வைத்தே வளர்ந்தது.

மனைவி அமீலியா 1854இல் காலமானார். அதே ஆண்டு ஆலையும் கைமாறியது. ஜூல் 1889 அக்டோபர் 11 அன்று சேல் என்ற ஊரில் இறந்தார். ஆற்றலின் அலகுக்கு இன்று அவர் பெயர்தான். மின்கட்டண ரசீதில் வரும் ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். அவருடைய கல்லறைக் கல்லில் 772.55 என்று பொறித்திருக்கிறார்கள். 1878இல் அவர் மீண்டும் அளந்து கண்ட எண் அது. இன்றைய மதிப்பு சுமார் 778. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.