கல்லாவும் கைப்பேசியும்: நம் மளிகைக் கடைக்கு இணைய விற்பனை கட்டுபடியாகுமா?

“நம் கடைச் சரக்கையும் ஆன்லைனில் போட்டால் என்ன?” என்ற கேள்வி இப்போது தஞ்சை கீழவாசலிலும் கும்பகோணம் கடைத்தெருவிலும் அடிக்கடி காதில் விழுகிறது. கேட்பவர் பெரும்பாலும் கல்லாவில் அமர்ந்திருக்கும் தகப்பனார் அல்ல. படிப்பை முடித்துக் கடைக்கு வந்திருக்கும் மகனோ மகளோதான். கேள்வி நியாயமானதே. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இறங்குவது நியாயமல்ல.

நம்மிடம் சரக்கு இல்லாமல் இல்லை. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அவர்கள் 2006-இல் தொடங்கிய நெல் திருவிழாவின் பயனாக மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி போன்ற ரகங்களின் பெயர் வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது. பெங்களூரில் இருக்கும் நம் ஊர்க்காரர் இவற்றைத் தேடித்தான் வாங்குகிறார்.

இனி கணக்குக்கு வருவோம். மாப்பிள்ளைச் சம்பா கிலோ அடக்கம் ரூ.80, விற்பனை ரூ.110 என்று வைத்துக்கொள்வோம். கடையில் 5 கிலோ நிறுத்துக் கொடுத்தால் ரூ.150 நிற்கும். அதே 5 கிலோவைப் பையில் அடைத்து, லேபிள் ஒட்டி, அதே ரூ.550-க்கு இணையத்தில் விற்றால்? 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதில் ரூ.26 போகும். தளத்தின் கமிஷன் 10 சதவீதம் என்றால் ரூ.55. அட்டைப்பெட்டி, டேப் ரூ.20. கூரியர் ரூ.150 என்று கொண்டால் கைக்கு வருவது ரூ.299. அடக்கமோ ரூ.400! அரிசி கனமான சரக்கு. விலைக்குப் பொருந்தாத பார்சல் கூலி அதற்கு. கூரியர் செலவைத் தனியே வாங்கினாலொழிய இந்த வியாபாரம் ஓடாது. சரி, வற்றல் வடாம் எடை குறைவுதானே என்றால், அங்கே பெட்டியின் நீள அகல உயரத்தை வைத்துக் கூலி போடுவார்கள். அப்பளத்துக்குப் பெரிய பெட்டி எடுத்துவிட்டுப் பிறகு வருந்திப் பயனில்லை.

அடுத்தது வரி. இதில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். காம்போசிஷன் முறையில் இருக்கும் வியாபாரி வரிக்குட்பட்ட விற்றுமுதலில் 1 சதவீதம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார். 2023 அக்டோபர் 1 முதல் அவர் மாநிலத்துக்குள் இணையதளங்கள் வழியாகவும் விற்கலாம். பதிவே இல்லாத, ஆண்டுக்கு ரூ.40 லட்சத்துக்குள் விற்கும் சிறுகடைக்காரரும் பான் எண்ணைக் கொண்டு ஜி.எஸ்.டி. தளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்று மாநிலத்துக்குள் விற்கலாம். ஆனால் பெங்களூருக்கு ஒரே ஒரு பார்சல் போனாலும் காம்போசிஷன் தகுதி போய்விடும். 7 நாட்களுக்குள் படிவம் தாக்கல் செய்து வழக்கமான முறைக்கு மாற வேண்டும். பெங்களூர் கிடக்கட்டும், நாகூரைத் தாண்டினால் காரைக்கால்! பேருந்தில் போய்வருகிற தூரம்தான். ஆனால் அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். காரைக்கால்காரர் நம் கடைக்கு வந்து நின்று வாங்கிப் போவது வேறு, அவர் வீட்டுக்கு நாம் பார்சல் அனுப்புவது வேறு. பின்னது வெளிமாநில விற்பனை. மயிலாடுதுறை, நாகை, திருவாரூர் வியாபாரிகள் இதை ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைக்கு வருபவர் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து, “பழசுதானே?” என்று கேட்டு வாங்குகிறார். இணையத்தில் வாங்குபவர் கேட்க முடியாது. புது அரிசி போய்ச் சேர்ந்து சோறு குழைந்தால் புகார் வரும். தவிடு நீக்காத அரிசி நாள்பட்டால் காரல் வாடை அடிக்கும். வண்டும் விரைவில் விழும். ஆகவே புதிதா பழையதா, அரைத்து எத்தனை நாள் என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். ஆர்டர் வந்த பிறகு பொட்டலமிடுங்கள். சொன்ன தரத்தில் இல்லாத சரக்கைத் திரும்ப எடுக்க மறுக்க, 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் இடம் தரவில்லை. எடையளவுச் சட்டப்படி நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, பொட்டலமிட்டவர் முகவரி ஆகியவை இணையப் பக்கத்திலும் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவும் அவசியம்.

இருப்பைப் பிரித்து வைப்பதும் முக்கியம். காலையில் ஆர்டர் வந்த கடைசிப் பத்துக் கிலோவை மாலையில் பையன் கடையில் நிறுத்துக் கொடுத்துவிட்டால் ஆர்டரை ரத்து செய்ய வேண்டும். பல தளங்களில் அதற்குத் தண்டம் உண்டு. இணையச் சிப்பத்தைத் தனி அடுக்கில் வைத்து, தனி நோட்டிலும் எழுதுவதே வழி.

எம்மைக் கேட்டால், முதலில் உள்ளூரிலேயே தொடங்கலாம் என்போம். வாட்ஸ்ஆப்பில் பட்டியல் வாங்கி, யு.பி.ஐ.யில் பணம் பெற்று, கடைப் பையனே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தால் கமிஷனும் இல்லை, கூரியரும் இல்லை. ஓராண்டு இப்படி நடத்தினால் எந்தச் சரக்குக்குத் தேவை இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு வெளியூர்.

வெளிமாநிலம் போகத் துணிந்தவர்கள் நிதியாண்டின் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். இடையில் மாறிவிட்டு, மறுபடியும் காம்போசிஷனுக்குத் திரும்ப நினைத்தால் அடுத்த நிதியாண்டு தொடங்குமுன், அதாவது மார்ச் 31-க்குள், சி.எம்.பி.-02 படிவம் தாக்கல் செய்திருக்க வேண்டும்.