வேன்ல தங்கி வேலை பார்க்கப் போறீங்களா? முதல்ல பேட்டரி கணக்கைப் போடுங்க!

"பழைய வேன் ஒண்ணு வாங்கி, உள்ளே படுக்கை போட்டு, வாரக் கடைசியில் எங்கேயாவது நிறுத்தி வேலை பார்க்கலாம்னு இருக்கேன். எந்த இன்வெர்ட்டர் வாங்கலாம்?" மேட்டூர்ல இருந்து நம்ம சேனலுக்கு வந்த கேள்வி இது. 1,440 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிற ஊர்தான். ஆனா வேனை ரோட்டோரம் நிறுத்திட்டா லேப்டாப்புக்கு ஒரு பிளக் பாயின்ட் கிடையாது. மீட்டிங் நடுவுல கரண்ட் போனா பாதிக்கப்படுறது உங்க வேலை. அதனால பிராண்டை அப்புறம் பார்ப்போம், முதல்ல கணக்கு.

1. ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை?

வாட்டை மணி நேரத்தால் பெருக்குங்க.

- லேப்டாப்: 60 வாட் × 8 மணி = 480
- 12 வோல்ட் ஃபேன்: 25 × 8 = 200
- எல்இடி லைட்: 10 × 5 = 50
- போன், ரௌட்டர்: 10 × 8 = 80

மொத்தம் 810 வாட்-அவர். இன்வெர்ட்டரிலும் ஒயரிலும் வீணாவதைச் சேர்த்து 1,000னு வெச்சுக்கோங்க.

2. எந்த பேட்டரி?

வண்டியை ஸ்டார்ட் பண்ற பேட்டரியில் கை வைக்காதீங்க. அது சில விநாடி பெரிய கரண்ட் கொடுக்கத்தான் செஞ்சது. ராத்திரி முழுக்க ஃபேன் ஓட்டினா காலையில் வண்டி கிளம்பாது, பேட்டரியும் சீக்கிரம் போயிடும். தனியா இரண்டாவது பேட்டரி வேணும்.

வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைக்கிற, தண்ணி ஊத்துற ட்யூபுலர் பேட்டரி இங்கே வேண்டாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், வண்டி குலுங்கினா ஆசிட் சிந்தும். நீங்க தூங்கப் போறதே அதே இடத்துலதான். மிச்சம் இருக்கிறது ரெண்டு:

- சீல் செய்த லெட் ஆசிட், 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர்: 1,800 வாட்-அவர். பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, அதனால கையில் 900தான்.
- லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 12.8 வோல்ட் 100 ஆம்பியர்-அவர்: 1,280 வாட்-அவர். 80 சதவீதம் எடுத்தாலும் 1,024. எடையும் ரொம்பக் குறைவு.

3. ஒரு ராத்திரிக்கு என்ன செலவு?

உதாரணத்துக்கு லெட் ஆசிட் 18,000 ரூபாய், 4 வருஷம் வரும். லித்தியம் 35,000 ரூபாய், 10 வருஷம் வரும்னு வெச்சுப்போம். வருஷத்துக்கு 30 ராத்திரி வெளியே தங்கினா, லெட் ஆசிட்டுக்கு ராத்திரிக்கு 150 ரூபாய், லித்தியத்துக்கு சுமார் 117 ரூபாய். லித்தியம்தான் லாபம். ஆனா ஒரு வருஷத்துல ஆசை தீர்ந்து வேனை மூலையில் நிறுத்திட்டா? லெட் ஆசிட் 600, லித்தியம் 1,167!

ஆக, இதைத் தீர்மானிக்கிறது டெக்னாலஜி இல்ல, எத்தனை ராத்திரி போவீங்கங்கிறதுதான். முதல்ல வாடகை வண்டியில் நாலைஞ்சு தடவை போய்ப் பாருங்க.

4. இன்வெர்ட்டர்

இந்த லோடுக்கு 500 வாட் ப்யூர் சைன் வேவ் போதும். "2,000 வாட் வாங்கினா இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடும்"னு கடையில் சொல்வாங்க. 12 வோல்ட்ல 2,000 வாட்னா 165 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; கேபிள் சூடாகித் தீப்பிடிக்கலாம். சமையலுக்கு கேஸ் போதும்.

டப்பா மேல வி.ஏ. போட்டிருந்தா அது வாட் இல்ல, வாட் எவ்வளவுன்னு தனியா கேளுங்க. சும்மா ஆன்ல இருந்தாலே 15 வாட் தின்கிற இன்வெர்ட்டர் 24 மணி நேரத்துல 360 வாட்-அவரைக் காலி பண்ணும்; வேலை முடிஞ்சதும் ஆஃப் பண்ணுங்க. பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ் கட்டாயம். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிக்காரங்ககிட்ட யோசனை கேட்டா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க: லாரி 24 வோல்ட், உங்க வேன் 12 வோல்ட். மாத்தி மாட்டினா இன்வெர்ட்டர் காலி.

5. பராமரிப்பு

லெட் ஆசிட்டின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினா ஏறத்தாழ பாதியாகும். சேலம், மேட்டூர் வெயிலை யோசிச்சுப் பாருங்க! நிழல்ல நிறுத்துங்க. வண்டி எடுக்காட்டியும் மாசம் ஒருமுறை ஃபுல் சார்ஜ் பண்ணுங்க, இல்லைன்னா தகட்டுல சல்ஃபேட் படிஞ்சிடும். லித்தியத்தை நேர்மாறா, பாதி சார்ஜில் வைங்க. வண்டி ஓடும்போது சார்ஜ் ஏத்த நடுவுல டிசி-டிசி சார்ஜர் போடுங்க; நேரடியா இணைச்சா ஆல்டர்னேட்டர் சூடாகும்.

6. பில், சட்டம், இஎம்ஐ

லெட் ஆசிட் பேட்டரிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. பில்லில் பாருங்க, சீரியல் நம்பரும் இருக்கட்டும். "வாரண்டி 60 மாசம்"னா அதில் எத்தனை மாசம் முழு மாற்று, எத்தனை மாசம் வெறும் தள்ளுபடின்னு கேளுங்க. பழைய பேட்டரியைக் கொடுத்தா கழிச்சுக்கிற தொகையும் பில்லில் வரணும். "நோ காஸ்ட் இஎம்ஐ"லயும் வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, ப்ராசஸிங் கட்டணம் உங்க தலையில்தான் விழும்.

ஆர்.சி.யில் இருக்கிற விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்த, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி ஆர்டிஓ அனுமதி வேணும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்துல சொல்லுங்க. சொல்லாம விட்டு, ஒயரிங்கால தீப்பிடிச்சா, க்ளெய்ம் நிராகரிக்க அதுவே காரணமாகும்.

இன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பர் எடுத்து ரெண்டு நம்பர் எழுதுங்க: ஒரு நாள் வாட்-அவர், ஒரு வருஷ ராத்திரி. ரெண்டும் இல்லாம கடைக்குப் போகாதீங்க.