அடிக்கணக்கில் அளந்த கலை

ஒரு தேசத்தின் கலையைச் சட்டத்தினால் வளர்க்க முடியுமா? தாய்மொழிப் படங்களுக்குத் திரையில் இடம் ஒதுக்கவேண்டுமென்று கோருவோர், பிரிட்டிஷார் கண்ட அனுபவத்தைச் சற்றே சிந்திப்பது நலம்.

இங்கிலாந்தின் கொட்டகைகளில் அமெரிக்கப் படங்களே கோலோச்சிய காலத்தில், 1927-ம் வருஷம் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. படங்களை வினியோகிப்போர் நூற்றுக்கு 7½ பங்கும், காட்டுவோர் 5 பங்கும் பிரிட்டிஷ் படங்களைக் கொள்ளவேண்டும். இவ்விகிதம் படிப்படியாக 20 வரை உயரவேண்டும் என்பது விதி. விளைந்தது யாது? சட்டம் படச்சுருளின் நீளத்தை அளந்ததேயன்றித் தரத்தை அளக்கவில்லை. அமெரிக்கக் கம்பெனிகள் லண்டனிலேயே, அடிக்கு ஏறக்குறைய ஒரு பவுன் செலவில், மலிவுப் படங்களை எடுப்பித்துக் கணக்கை ஒப்பித்தன. கொலைக் கதைகளும் துப்பறியும் கதைகளும் இதற்கு வெகு வாய்ப்பாயின. ஒரு மாளிகை, ஒரு பிரேதம், ஒரு துப்பறிவாளர், நிறையப் பேச்சு, இவை போதுமன்றோ? ‘கோட்டா குவிக்கி’ என்று ஜனங்கள் இவற்றை ஏளனம் செய்தனர்.

எனினும், இகழ்ச்சி மட்டும் நியாயமாகாது. 1931-ல் ‘ரைனாக்ஸ்’ என்னும் குற்றக் கதையை எடுத்த மைக்கேல் பவல், இப்பட்டறையிலேயே தொழில் பயின்று பின்னர் உலகப் புகழ் எய்தினார். பிழை உணர்ந்த பார்லிமெண்டு, 1938-ம் வருஷச் சட்டத்தில் படத்திற்குக் குறைந்தபட்சச் செலவையும் நிர்ணயித்தது.

இந்தியாவிலும் சாம்ராஜ்யப் படங்களுக்குச் சலுகை அளிக்கும் யோசனை எழுந்தது. 1927-ல் நியமனமான சினிமா விசாரணைக் கமிட்டிக்குத் தலைமை வகித்தவர் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். 1928-ம் வருஷ அறிக்கை அச்சலுகையை மறுத்தது. இந்தியப் படத்தொழிலுக்குப் பொருளுதவி வேண்டுமென்று சிபார்சு செய்தது. அந்நிய ராஜாங்கமோ அச்சிபார்சுகளைக் கிடப்பில் போட்டது.

ஆயினும் நம்மவர் சோர்ந்தனரா? நாட்றாம்பாளையத்து மலைகள் வரை சேலம் ஜில்லாவாயிருந்த அந்நாளில், இங்கிலாந்தில் நெசவுத் தொழில் கற்றுவந்த டி. ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். 1937-ல் ‘சதி அகல்யா’ வெளிவந்தது. 1950-ல் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல் ‘திகம்பர சாமியார்’ என்ற படமாயிற்று; எம். என். நம்பியார் பற்பல வேஷங்களில் தோன்றினார். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலே, ஜனங்கள் காசு கொடுத்துக் கண்ட குற்றக் கதை அது.

2015-ல் மகாராஷ்டிர ராஜ்ய சர்க்கார் மராத்திப் படங்களுக்கு முக்கியக் காட்சி நேரத்தைக் கோரியது. தமிழிலும் சிறு முதலீட்டுப் படங்களுக்குக் கொட்டகை கிட்டுவது அரிதாகவே இருக்கிறது. இடம் கேட்பது நியாயமே. ஆனால் இடத்தோடு முதலும், தொழிலாளருக்குத் தக்க கூலியும், பயிற்சியும் சேர்த்துக் கேட்கவேண்டும். இடத்தை மட்டும் கொடுக்கும் சட்டம் சுருளைத்தான் பெருக்கும், கலையைப் பெருக்காது. சட்டம் வாசலைத் திறக்கலாம். உள்ளே வருவது கலைதானா என்பதை நாமன்றோ கவனிக்கவேண்டும்?