கவிஞரும் ராவியும்: எம்.ஏ. நுஃமானின் எழுத்துப் பணி

அறியாமைக் காலத்து அரபுக் கவிதையைப் பயில்வோர் 'ராவி' என்னும் சொல்லைக் கடந்து செல்ல இயலாது. கவிஞர் பாடுவார், அவர் பாடலை நெஞ்சிற் பதித்து, சந்தைதோறும் குலந்தோறும் கொண்டு சேர்ப்பவர் ராவி. முஅல்லகாத் கவிஞர்களுள் ஒருவரான ஸுஹைர், அவ்ஸ் இப்னு ஹஜரின் ராவியாக இருந்தவர். ஸுஹைருக்கு ஹுதைஆ ராவியானார். பிறர் கவிதையைச் சுமந்தவர்களே பின்னர் தாமும் பெருங்கவிஞர்களாயினர். அச்சுப்பொறி வந்தபின் ராவியின் பொறுப்பு பதிப்பாளரைச் சேர்ந்தது. கவிஞர், திறனாய்வாளர், பதிப்பாளர் என்னும் மூன்று நிலைகளும் ஒருவரிடமே கூடுதல் நம் காலத்தில் அரிது. அவ்வாறு கூடப்பெற்றவர் இலங்கையின் எம்.ஏ. நுஃமான்.

1944ஆம் ஆண்டு கிழக்கிலங்கையின் கல்முனைக்குடியில் பிறந்தவர் நுஃமான். முஸ்லிம்களும் தமிழ் இந்துக்களும் அடுத்தடுத்து வாழும் கடலோரப் பகுதி அது. கவிஞர் நீலாவணனின் ஊக்கம் இளமையிலேயே அவருக்குக் கிட்டியது. 'மஹாகவி' எனப் புகழ்பெற்ற து. உருத்திரமூர்த்தியின் கவிதை நெறி அவரை ஆழமாக ஈர்த்தது. பேச்சோசையை யாப்புக்குள் கொணர்ந்து, எளிய மனிதரின் வாழ்வைப் பாடிய நெறி அது.

தமக்குக் கிட்டிய இப்பேற்றை நுஃமான் தம் கவிதைகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1969-70இல் 'கவிஞன்' என்னும் கவிதை இதழை நடத்தினார். கல்முனையிலிருந்து 'வாசகர் சங்க வெளியீடு' என்னும் பெயரில் நூல்களைப் பதிப்பித்தார். மஹாகவியின் 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்' 1971இல் அவ்வாறு வெளிவந்தது. மஹாகவி காலமானதும் அதே ஆண்டில்தான். யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்த இந்துக் கவிஞர் ஒருவரின் காவியத்தைக் கிழக்கின் முஸ்லிம் இளைஞர் அச்சேற்றினார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பெருமுதலோ பரந்த சந்தையோ இல்லாத முயற்சி அது. எனினும் சி. மௌனகுரு, சித்திரலேகா மௌனகுரு ஆகியோருடன் இணைந்து அவர் எழுதிய 'இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்' (1979) என்னும் வரலாற்று நூலும் இவ்வெளியீடாகவே வந்தது. அ. யேசுராசாவுடன் அவர் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' 1984இல் சென்னையில் க்ரியா வெளியீடாக வந்து, ஈழக் கவிதையைத் தமிழக வாசகருக்கு அறிமுகம் செய்தது.

கவிஞர் என்ற நிலையில் அவர் இயற்றிய 'தாத்தாமாரும் பேரர்களும்' (1977), 'அழியா நிழல்கள்' (1982), 'மழை நாட்கள் வரும்' (1983) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அவர் எழுதிய 'புத்தரின் படுகொலை' பெரிதும் பேசப்பட்டது. நூல்களை எரித்தவர்கள் தாம் வணங்கும் புத்தரையே கொன்றனர் என்பது அக்கவிதையின் உட்கிடை. எதிர்த்தரப்பின் சமயத்தை அவர் இழிவுசெய்யவில்லை. அச்சமயத்தின் அறத்தையே சாட்சியாக நிறுத்தினார். வன்சொல்லைக் காட்டிலும் வலிமையான கண்டனம் இது.

திறனாய்விலும் இந்நிதானமே அவர் வழி. மார்க்சியச் சார்புடையவராயினும், கருத்து முற்போக்கானதாயிருந்தால் கலைக்குறையை மன்னிக்கலாம் என்னும் போக்கை அவர் ஏற்கவில்லை. 'மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்' (1987) இதற்குச் சான்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த அவர், வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட 1990க்குப் பின் பேராதனையில் பேராசிரியராக விளங்கினார். மொழியியலிலும் இலக்கணத்திலும் அவர் ஆற்றிய பணி தனித்து எழுதத்தக்கது.

நாம் சற்றே நின்று எண்ண வேண்டிய இடம் ஒன்றுண்டு. அரூரில் நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர், "அரபுகள் இன்றும் கவிதை எழுதுகிறார்களா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். இம்ரவுல் கைஸையும் புர்தாவையும் பாடம் சொல்லும் நமக்கு அவ்வினா நாணத்தைத் தந்தது. விடையாக நாம் அவர் கையில் கொடுத்தது நுஃமான் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்'. முதற்பதிப்பு 1981இல் வந்தது, பின்னர் விரிவாக்கப்பட்டது. மஹ்மூத் தர்வீஷ், ஸமீஹ் அல்காஸிம் முதலியோரின் குரலைத் தமிழில் கேட்கச் செய்த நூல் அது. மாணவர் அன்றிரவே அதனைப் படித்து முடித்தார். மறுநாள் தர்வீஷின் அரபு மூலத்தைக் கேட்டார். நம் நூலகத்தில் அது இல்லை.

நுஃமான் அக்கவிதைகளை ஆங்கிலத்தின் வழியே பெயர்த்தார். மூலத்தின் ஓசையும் சொல்லடுக்கும் அவ்வழியில் சிறிது குன்றுதல் இயல்பே. ஆயினும் குறைகூறும் தகுதி நமக்கு உண்டா? அரபியைப் பல்லாண்டு கற்றும் கற்பித்தும் வருவோர் செய்யாததை, ஆங்கிலத்தின் துணைகொண்டு ஒருவர் செய்தார். மூலமொழி அறிந்தோர் வாளாவிருக்க, இருமொழி கடந்து அக்கவிதை கல்முனைக்கும் அங்கிருந்து அரூருக்கும் வந்து சேர்ந்தது.

ராவி இல்லாத கவிதை பாடிய நாவோடு மறைந்துவிடும் என்பதைப் பண்டை அரபுகள் அறிந்திருந்தனர். நுஃமானைப் போற்றுதல் எளிது. அவர் தொடங்கிய பணியை மூலமொழியிலிருந்தே தொடர்வதுதான் அவருக்கு நாம் செலுத்தும் நன்றி. அரபுக் கல்லூரிதோறும் இரு மாணவர் முன்வந்தாலும் போதும். அவர்களுக்கு வேண்டிய மூலநூல்களைத் தேடி வாங்கித் தருவது ஆசிரியர்களாகிய நம் கடமை.