பழுது அனுப்பும் ரேடியோ அலை

மின்பொறியியலுக்கென்றே ஒரு பேராசிரியர் பதவியை உலகில் முதன்முதலாக ஏற்படுத்தி, 1882-ஆம் ஆண்டில் அதில் எராஸ்மஸ் கிட்லரை அமர்த்திய பெருமை ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்து உயர்தொழில் கலாசாலைக்கு உரியது. அவரிடம் பயின்ற டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி, 1891-இல் லாஃபனிலிருந்து ஃபிராங்க்பர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் தூரம் மும்முனை மின்சாரத்தைக் கொண்டுசென்ற முயற்சியில் பிரதான பங்கு வகித்தார். தூரம் கூடக்கூட மின்னழுத்தமும் கூடிற்று. அழுத்தத்தோடு, அதைத் தாங்கும் மின்காப்பைப் பற்றிய கவலையும் வளர்ந்தது.

எண்ணெயில் ஊறிய காகிதத்திலோ எபாக்சி வார்ப்பிலோ கடுகளவு காற்றுக்குமிழி தங்கிவிட்டால், சுற்றியுள்ள திடப்பொருளைவிட அதிக மின்புலம் அதன்மேல் விழுகிறது. தாங்கும் சக்தியோ காற்றுக்குக் குறைவு. ஆகவே குமிழிக்குள் மட்டும் பொறி தெறிக்கிறது. பகுதி மின்னிறக்கம் எனப்படும் இதனால் விளக்கு அணைவதில்லை, ஃபியூஸ் போவதில்லை. ஆனால் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் பொறி காப்பை அரித்துக் கரித்தடம் போட்டு, ஒருநாள் டிரான்ஸ்பார்மரையே பலிகொண்டுவிடக்கூடும்.

மின்பொறி ரேடியோ அலைகளைப் பரப்பும் என்பதை, டார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கேயுள்ள கார்ல்ஸ்ரூவில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1880-களிலேயே நிரூபித்துவிட்டார். குமிழிப்பொறி நானோ வினாடிக் கணக்கில் முடிந்துவிடுவதால், அதன் அலைகள் 300 மெகாஹெர்ட்ஸ் முதல் 3 கிகாஹெர்ட்ஸ் வரை எட்டுகின்றன. பழுதே தன்னை ஒலிபரப்புகிறது என்று சொல்லலாம். டிரான்ஸ்பார்மரின் இரும்புத் தொட்டி அலையை வெளியே விடாதாகையால், எண்ணெய் வடிக்கும் வால்வின் வழியே ஒரு சிறு ஆண்டெனாவை உள்ளே நுழைத்துவைக்கிறார்கள். யந்திரத்தை நிறுத்தவேண்டிய அவசியம்கூடப் பல இடங்களில் இல்லை. அதே தொட்டிச்சுவர் வெளிக் கம்பிகளைச் சுற்றிக் காற்றில் எழும் கொரோனா என்ற மின்னிறக்கத்தின் இரைச்சலையும் பெருமளவு தடுத்துவிடுகிறது. இந்த அலைவரிசையிலேயே பேசும் கைப்பேசிகளின் குறுக்கீட்டை மட்டும் வடிகட்டியாக வேண்டும்.

இதில் சுவையான பகுதி, பழுதின் இருப்பிடத்தைக் கண்டுபிடிப்பதுதான். டிரான்ஸ்பார்மரைப் போலவே, வாயுவைக் காப்பாக அடைத்த உலோகக் குழாய்க்குள் செல்லும் மின்கடத்திகளையும் இம்முறையில் சோதிக்கலாம்; அத்தகைய வாயுக்காப்புக் குழாயில் அலை நானோ வினாடிக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் ஓடும். எனவே இரண்டு ஆண்டெனாக்களுக்கு இடையில் எங்கோ எழுந்த அலை, ஒன்றைவிட மற்றொன்றில் 10 நானோ வினாடி பிந்திவந்தால், இரு பாதைகளுக்கும் வித்தியாசம் மூன்று மீட்டர் என்று கணக்கிட்டு, குழாயின் எந்தப் பகுதியைத் திறப்பது என்று தீர்மானிக்கலாம்.

ஆயினும் இச்சாதனத்தை அளவுக்கு மீறிப் புகழ்வதற்கில்லை. தொழிற்சாலைச் சோதனையில் மின்னிறக்கத்தைப் பிகோ கூலும் என்ற அலகில் அளக்கிறார்கள். ஆண்டெனா தருவதோ மில்லிவோல்ட். அலை வந்த பாதைக்கும் ஆண்டெனாவின் அமைப்புக்கும் தக்கபடி அந்த எண் மாறுமாகையால், அதைக் கூலும் கணக்காக நேரே மாற்ற வழியில்லை.