ரேடார் இருந்தா துரத்தாதீங்க, காத்திருங்க

இந்த எபிசோட் கொல்லிமலை அடிவாரத்துல, எங்க ஊர் முள்ளுக்குறிச்சியில இருந்து. கடல் ரொம்ப தூரம். ஆனா ராத்திரி முழுக்க ‘சைலன்ட் ஹன்டர் 4’ கேம்ல இந்தியப் பெருங்கடல்லதான் இருந்தேன்.

1944 மிஷன். இருட்டை நம்பி, நீர்மூழ்கியை மேல கொண்டுவந்து கான்வாயைத் துரத்தினேன். காலி. இருட்டு நம்ம கண்ணுக்குத்தான், ரேடாருக்கு இல்ல. மூழ்கித் துரத்தவும் முடியாது: முழு வேகமே ஏழு நாட்தான், பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துடும். அதனால கான்வாய் போற பாதையைக் கணிச்சு, முன்னாடியே போய், மூழ்கி, சத்தமில்லாம காத்திருக்கணும்.

நிஜத்துலயும் பகல்ல, மூழ்கியபடி அடிச்சிருக்காங்க. 1944 பிப்ரவரி 12. மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்த கான்வாயில், ‘கெதீவ் இஸ்மாயில்’ கப்பலை மாலத்தீவு அருகே ஜப்பானின் ஐ-27 டார்பிடோவால் தாக்கியது. சில நிமிஷத்துல கப்பல் மூழ்கிடுச்சு. இறந்தவர்கள் 1,297 பேர்.

தப்பிச்சவங்க தண்ணில தத்தளிக்கிறாங்க. நீர்மூழ்கி அவங்களுக்கு அடியில. விட்டா மத்த கப்பல்களுக்கும் ஆபத்து. ‘பெட்டார்ட்’, ‘பாலடின்’ போர்க்கப்பல்கள் அங்கேயே ஆழ்வெடிகளைப் போட்டன. கடைசியில ஐ-27ம் மூழ்கியது.

கேம்ல ஆழ்வெடி விழுந்தா, எப்படித் தப்பிக்கிறதுன்னு மட்டும்தான் யோசிப்பேன். நேத்து முதல் தடவையா, மேல இருக்கிறவங்களை நினைச்சேன்.