கம்பி இல்லாத காங்கிரீட் கூரை!



எங்க அப்பா சென்ட்ரிங் வேலை செய்பவர். ரோம் நகரத்தில் ஒரு பழைய கோயிலுக்குக் கம்பியே இல்லாமல் காங்கிரீட் கூரை போட்டிருக்கிறார்கள், 1,900 வருஷமாக நிற்கிறது என்று சொன்னேன். "கம்பி கட்டாம எந்தக் கூரை பாப்பா நிக்கும்?" என்று சிரித்துவிட்டார். அவருக்குப் பதில் சொல்லத்தான் தேடிப் படித்தேன்.

கோயிலின் பெயர் பாந்தியன் (பாண்டியன் இல்லை!). எல்லாத் தெய்வங்களுக்கும் உரியது என்று அர்த்தம். முன்னால் 16 தூண்கள். அந்தக் கல் எகிப்திலிருந்து வந்தது. உள்ளே வட்டமான ஒரே மண்டபம். குறுக்களவு சுமார் 43 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரைக்கும் அதே 43 மீட்டர். கூரை, கவிழ்த்து வைத்த அரைப் பந்து மாதிரி இருக்கும்.

இந்தக் காங்கிரீட்டில் நம்ம சிமெண்ட் கிடையாது. சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும்தான். சூட்சுமம் ஜல்லியில் இருக்கு. கீழே கனமான கல் போட்டார்கள். மேலே போகப் போக லேசான கல். உச்சியில் தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல்! கூரையின் தடிமனும் அடியில் சுமார் 6 மீட்டர், உச்சியில் 1.2 மீட்டர்தான். எடை குறைய, உட்பக்கம் 140 கட்டங்களைக் குழிவாக விட்டிருக்கிறார்கள். நட்டநடுவில் கூரையே இல்லை, சுமார் 9 மீட்டர் அகலத்துக்கு வட்டமான திறப்பு. வெளிச்சம் அது வழியாகத்தான். மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும், தரையில் உள்ள சின்னத் துளைகளில் வடிந்துவிடும்.

"விரிசல் விட்டிருக்குமே?" என்றார் அப்பா. விட்டிருக்கு. கூரையின் கீழ்ப்பகுதியில் விரிசல்கள் உண்டு. ஆனால் தாங்கும் சுவரே சுமார் 6 மீட்டர் தடிமன். அது விலகவிடாமல் பிடித்திருக்கு.

609-இல் இதை மாதா கோயிலாக மாற்றினார்கள். அதனால்தான் இடிபடாமல் தப்பியது என்கிறார்கள்.

வாசலில் 'அக்ரிப்பா கட்டினார்' என்று பெரிதாகச் செதுக்கியிருக்கு. ஆனால் அவர் கட்டிய கோயில் எரிந்துபோச்சு. அடுத்துக் கட்டியதும் எரிந்துபோச்சு. இப்போது இருப்பது ஹாட்ரியன் என்ற பேரரசர் காலத்தில், கி.பி. 125 வாக்கில் முடிந்தது. அவர் தன் பெயரைப் போடாமல் பழைய பெயரையே வைத்துவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? 1892-இல் ஷெடான் என்ற பிரெஞ்சுக்காரர் சுவரின் செங்கற்களை ஆராய்ந்தார். நம்ம ஊர்ச் செங்கல்லில் சூளை எழுத்து இருக்குமே, அதே மாதிரி முத்திரை அதிலும் இருந்தது. அதை வைத்துத்தான் காலம் தெரிந்தது.

அப்பா கடைசியாக, "கட்டின மேஸ்திரி பேரு?" என்று கேட்டார்.

எங்கேயும் எழுதவில்லை என்றேன்.

"சரி, சூளைக்காரன் பேராச்சும் இருக்குல்ல" என்றார்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி